சப்பாத்து இளக்கிய நாள்

எனக்கு நடக்கப் பிடிக்காது. ஒஸ்லோவில் இத்தனை வருடம் இருந்துவிட்டு இதைச் சொன்னால் நோர்வேக்காரர் என்னை ஏதோ வருத்தக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஒரு தோடம்பழமும் பிளாஸ்கில் கோப்பியும் எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போவார்கள். களைத்து விழுந்து திரும்பி வந்து, நல்ல நடை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். நான் ஒஸ்லோவின் ஓரத்திலுள்ள புருசெத்தில் ஐந்தாம் மாடியில் இருந்து அதே காட்டை யன்னலால் பார்ப்பேன். எனக்கு அது போதும்.

அப்படிப்பட்ட நான், இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, வறண்ட பெரும் பள்ளம் ஒன்றின் அடியில் ஏழு மணி நேரம் நடந்தேன். என் மனைவியின் காலில் இருந்த ஒரு சோடி சப்பாத்துத்தான் அதற்குக் காரணம்.

போர்நிறுத்தம் வந்து யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்த அடுத்த வருடம் அது. புருசெத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் கூடத்தின் நடுவில் ஒரு சூட்கேஸ் வாயைப் பிளந்துகொண்டு கிடந்த காலம். மனைவிக்கும் ஆடி முதல் வாரத்துக்கு ரிக்கற் போட்டாயிற்று. ஏழு வருடமாக அவள் தகப்பனைக் காணவில்லை. நான் மாமாவைக் கண்டதே இல்லை. எங்கள் கலியாணம் இங்கே நடந்தது, அவர் அங்கேயிருந்து ஆசீர்வாதம் சொன்னார். எனக்கு அவர் தொலைபேசியில் "தம்பி, சுகமோ?" என்று கேட்கும் ஒரு குரல், அவ்வளவுதான்.

மாமா தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க நடந்தவருக்கு வயது போன காலத்தில் சீனி வருத்தம் வந்து, காலில் ஒரு சின்னப் புண் மாற நாலு மாதம் எடுத்தது. இனிமேல் சப்பாத்துப் போடாமல் முற்றத்துக்குக்கூட இறங்கக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். மனைவி ஒஸ்லோ நகரத்துக் கடைகளெல்லாம் ஏறி இறங்கி, மலையேறுகிறவர்கள் போடும் மண்ணிறத் தோல் சப்பாத்து ஒன்று வாங்கினாள். நாற்பதாம் அளவு. அவளுடைய கால் முப்பத்தொன்பது.

வாங்கி வந்த பிறகுதான் அவளுக்கு அந்தக் கவலை பிடித்தது. புதுச் சப்பாத்து கடிக்கும். எங்களைக் கடித்தால் ஒரு பிளாஸ்டர் ஒட்டுவோம், சீனி வருத்தக்காரரைக் கடித்தால் கால் போய்விடும். அதனால் தடித்த கம்பளிக் காலுறை இரண்டு சோடியை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, அந்தச் சப்பாத்தைத் தானே போட்டு இளக்கத் தொடங்கினாள். வீட்டுக்குள் நடந்தாள். ரீபாணா ரயிலில் வேலைக்குப் போட்டுக்கொண்டு போனாள். குசினியில் வெங்காயம் வெட்டும்போதும் காலில் அதுதான். தோல் மட்டும் மசியவில்லை.

நான் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறேன். அங்கே என்னோடு நிற்கும் நோர்வேக்காரி ஒருத்தியிடம் இந்தச் சப்பாத்துக் கதையைச் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். வீட்டுத் தரையில் நடந்தால் பத்து வருடமானாலும் அது இளகாது, கல்லில் நடக்க வேண்டும் என்றாள். அவளுடைய ஊர் ஒஸ்லோவுக்கு வடக்கே நாலு மணி நேர ஓட்டத்தில், அல்வ்தால் பக்கம். அங்கே தண்ணீரே ஓடாத ஒரு பிரமாண்டமான பிளவு இருக்கிறது, அடி முழுக்கக் கல், நாங்கள் வந்தால் தன் மரவீட்டில் தங்கலாம், ஒரு முனையில் இறக்கிவிட்டு மறுமுனையில் ஏற்றிக்கொள்வேன் என்றாள். நான் வீட்டில் போய்ப் பகிடிக்குத்தான் சொன்னேன். மனைவி அன்றைக்கே பையைக் கட்டினாள்.

வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தோம். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நோர்வேக்காரி எங்களைப் பிளவின் மேல் விளிம்பில் இறக்கினாள். தண்ணீர் நிறையக் கொண்டு போங்கள், இது மற்ற இடங்கள் மாதிரி ஓடையில் அள்ளிக் குடிக்கிற இடம் இல்லை என்று சொல்லி ஆளுக்கு இரண்டு போத்தல் தந்தாள். நாலரை மணிக்கு மறுமுனையில் நிற்பதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவளுடைய காரின் புழுதி அடங்குவதற்குள் என் சட்டைப் பையில் கைத்தொலைபேசி அடித்தது. எங்கள் இருவருக்கும் சேர்த்து அந்த ஒன்றுதான்.

மனைவி கொஞ்சத் தூரத்தில் ஒரு பைன் மரத்தைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எடுத்தேன். ரொறன்ரோவிலிருந்து அவளுடைய தமையன். அங்கே அப்போது விடியப்புறம் மூன்று மணி. அந்த நேரத்தில் ஒருவர் எடுத்தால் செய்தி என்னவென்று எங்களுக்கெல்லாம் தெரியும்.

"மச்சான், அப்பா போட்டார்" என்றார்.

நான் மனைவிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றேன்.

"நெஞ்சுக்குள்ளை நோகுது எண்டவராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக முதலே முடிஞ்சுது. உங்கடை காலமை ஏழு மணி இருக்கும். எங்கை நிக்கிறியள்?"

சொன்னேன்.

"அவளுக்கு இப்ப ஒண்டும் சொல்லாதையும். வழியிலை வைச்சுச் சொல்லக் கூடாது. வீட்டை கூட்டிக்கொண்டு போய், சாப்பிட வைச்சிட்டு, ஆறுதலாச் சொல்லும். என்ன?"

"ஓம்" என்றேன்.

எங்கள் ஆட்களின் வழக்கம் இது. செத்தவீட்டுச் செய்தியை உரியவருக்குக் கடைசியாகத்தான் சொல்வோம். முதலில் அயலுக்குத் தெரியும், பிறகு சொந்தத்துக்குத் தெரியும், பிறகு வேலையிடத்துக்கும் தெரியும். உரியவர் மட்டும் ஒன்றும் அறியாமல், தனக்கு ஏன் எல்லாரும் தேத்தண்ணி ஊற்றித் தருகிறார்கள் என்று யோசித்துக்கொண்டிருப்பார். ஒரு வாய் சாப்பிட்ட பிறகு யாராவது மூத்தவர் தொண்டையைச் செருமுவார். இதை நாங்கள் இரக்கம் என்று நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், நினைக்கக்கூட இல்லை. தமையன் சொன்னார், நான் ஓம் என்றேன். அந்த இடத்திலேயே நோர்வேக்காரிக்கு எடுத்திருந்தால் அவள் பத்து நிமிடத்தில் திரும்பி வந்திருப்பாள். எடுக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

"ஆரப்பா?" என்று மனைவி அங்கிருந்து கேட்டாள்.

"வேலையிடத்தாலை."

"சனிக்கிழமையும் விடமாட்டினமோ? வாங்கோ, வெய்யில் ஏற முதல் இறங்குவம்."

இறங்கினோம். விளிம்புக்குக் கீழே பத்து அடி போனதும் தொலைபேசியில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து எல்லாம் போய்விட்டன.

அந்தப் பள்ளத்தைப் பற்றி என்ன சொல்வது? இருபக்கமும் கறுத்த பாறைச் சுவர், அண்ணாந்தால் நீட்டாக ஒரு துண்டு வானம். அடியில் லொறி அளவுக் கல்லும் வீட்டு அளவுக் கல்லும் கொட்டிக் கிடந்தன. கல்லின் மேல் வெளிறிய பாசி, காய்ந்து காலுக்குக் கீழே அப்பளம்போல் நொறுங்கியது. எப்போதோ ஒரு வெள்ளம் ஒரேயடியாக அறுத்துக்கொண்டு போன இடமாம். இப்போது ஒரு சொட்டும் ஓடவில்லை. நோர்வேயில் தண்ணீர்ச் சத்தம் இல்லாத ஓர் இடத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. பாதை என்று ஒன்று இல்லை. கல்லுக்குக் கல் பூசியிருந்த சிவப்பு அடையாளத்தைப் பார்த்துப் பார்த்து ஏறி இறங்க வேண்டும்.

எனக்கு உடம்பு மரத்துப்போய்விட்டது. துக்கம் என்று சொல்லமாட்டேன். கண்டிராத ஒருவருக்காக எனக்குத் துக்கம் வரவில்லை, அதற்காக வெட்கமும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படி நான் முழுவதுமாக இருந்தேன். கை கல்லைப் பிடித்தது, கால் அடுத்த கல்லைத் தேடியது, வாய் "ஓம், ஓம்" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அவளோ நிற்காமல் கதைத்தாள். புருசெத்தில் காலையில் ஒரு வேலை, மாலையில் ஒரு வேலை என்று ஓடுகிறவள். வீட்டுக்கு வந்தால் சோபாவில் இருந்தபடியே நித்திரையாகிப் போவாள். அவள் இவ்வளவு கதைத்து நான் வருடக் கணக்கில் கேட்டதில்லை. பலாலி விமான நிலையத்தில் இறங்குவதா, கொழும்பிலிருந்து வான் பிடித்து ரோட்டால் போவதா. அப்பாவுக்குப் பழுப்புச் சீஸ் கொண்டு போய்க் காட்ட வேண்டும், வாயில் வைத்ததும் அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். சப்பாத்தை முதல் நாளே கொடுக்காமல், கோயிலுக்கு வெளிக்கிடும்போது எடுத்து முன்னால் வைக்க வேண்டும்.

"என்ன சொல்லுவார் தெரியுமே? 'இதென்னடி பிள்ளை, ஆமிக்காரன்ரை சப்பாத்து' எண்டு சொல்லுவார். பேந்து கழட்டமாட்டார், இருந்து பாருங்கோ."

"ஓம்."

"இஞ்சை பாருங்கோ, குதிப்பக்கம் இளகிற மாதிரிக் கிடக்கு."

"ஓம்."

பதினொரு மணியளவில் அவளுடைய இடது குதி கடிபட்டுவிட்டது. ஒரு கல்லில் இருத்திக் காலுறையைக் கழற்றிப் பார்த்தேன். ஒரு குரோன் நாணயம் அளவுக்குத் தோல் பொங்கியிருந்தது.

"என்னத்துக்கு இதைப் போடுறீர்? கழட்டும். பையுக்குள்ளை உம்மடை சப்பாத்து கிடக்கு" என்றேன். என் குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது.

"என்ரை காலைக் கடிச்சால்தான் அவற்ரை காலைக் கடியாது" என்று சொல்லிவிட்டுப் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டாள். ஒரு வலிக்கும் கோபப்படாமல் சந்தோசமாக இருந்தாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். கால் என் மடியில் இருந்தது. சொல்ல வாய் திறந்தேன், காலுறையை நீட்டி "மற்றதையும் போடும்" என்றேன்.

பாதி வழியில் தட்டையான ஒரு பெரிய கல்லில் இருந்து சாப்பிட்டோம். காலையில் அவள் மரவீட்டின் அடுப்பில் அவித்த புட்டும், வீட்டிலிருந்து கொண்டு வந்த கோழிக்கறியும். ஏழு மணிக்கு அவள் அந்தப் புட்டைத்தான் குழைத்துக்கொண்டிருந்தாள் என்று எனக்கு ஞாபகம் வந்தது. தகப்பன் செத்தால் எங்களுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் வாயில் வைக்கக் கூடாது. செய்தி தெரிந்தவன் நான், அவள் கோழிக்காலை எடுக்கிறாள்.

"கறி பழுதாப் போச்சுப் போலை, மணக்குது. புட்டை மட்டும் சாப்பிடுவம்" என்றேன்.

மோந்து பார்த்தாள். "உங்கடை மூக்குத்தான் பழுது. நல்லாக் கிடக்கு."

"எனக்கு வேண்டாம்."

"என்ன, இண்டைக்கு வெள்ளிக்கிழமையோ?" என்று சிரித்துவிட்டு என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டாள். நான் வெறும் புட்டைத் தண்ணீர் விட்டு விழுங்கினேன். தமையன் சொன்னது நடந்தது, அவளைச் சாப்பிட வைத்துவிட்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் அவள் அந்த இடத்துக் கதையைக் கேட்டாள். முந்தின நாள் நோர்வேக்காரி எனக்குச் சொல்லியிருந்தாள். ஒரு பூதத்துக்குப் பக்கத்துப் பூதத்தோடு பகை. அதன் ஆற்றைத் தன் பக்கம் திருப்ப வேண்டும் என்று கோடரியால் மலையை வெட்டியதாம், அந்த வெட்டுத்தான் இந்தப் பள்ளம். வெட்டி முடிக்க முதல் மற்றது வந்து சண்டை பிடித்து எல்லாம் பாதியில் நின்றுபோயிற்றாம். இதை நான் உணர்ச்சியில்லாமல் செய்தி வாசிப்பதுபோல் சொன்னேன்.

மனைவி ஒரு நிமிடம் யோசித்தாள். "அப்ப அந்தப் பூதம் எங்கடை ஊர்தான். வேலிச் சண்டையிலை ஒரு மலையை வெட்ட வேறை ஆராலை ஏலும்?" என்றாள். சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். அவளுடைய தகப்பனும் பக்கத்து வீட்டுக்காரரும் ஒரு வேலிக் கதியால் தடிக்காக ஒன்பது வருடம் வழக்காடிக் கோடு ஏறியதை இடையில் சொல்லி இன்னும் சிரித்தாள். அந்தப் பாறைச் சுவர் அவள் சிரிப்பை வாங்கித் திருப்பி அனுப்பியது. அதைக் கேட்டு அவளுக்கு இன்னும் சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வர, கல்லில் படுத்துக்கொண்டு சிரித்தாள். நானும் பல்லைக் காட்டினேன்.

அதற்குப் பிறகு நடந்த மூன்று மணி நேரத்தில் சொல்ல ஒன்றுமில்லை. கல், சிவப்பு அடையாளம், கல். ஒரு இடுக்கில் ஆனி மாதத்திலும் ஐஸ் கிடந்தது. அவள் நொண்டினாள், ஆனால் நிற்கவில்லை.

மறுமுனையில் பள்ளம் விரிந்து, மரங்கள் வந்து, தூரத்தில் ரோட்டு தெரிந்தது. நோர்வேக்காரியின் கார் நிற்பதையும் கண்டோம். அந்த இடத்தில் என் சட்டைப் பைக்குள் தொலைபேசி உயிர்பெற்றது. ஒரு தடவை அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. ஒன்றன் பின் ஒன்றாகக் குறுஞ்செய்திகள். புருசெத் முழுக்க, எங்கள் ஆட்கள் இருக்கும் வெஸ்ட்லி முழுக்கத் தெரிந்துவிட்டது. நான் பையின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டேன். கைக்குள் அது துடித்துக்கொண்டே இருந்தது.

மனைவி நின்றாள். என் கையைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"ஆர்?" என்றாள்.

"மாமா."

"எப்ப?"

"எங்கடை காலமை ஏழு மணிக்கு. அண்ணை எடுத்தவர், நாங்கள் இறங்க முதல்."

அவள் அழுவாள் என்று நினைத்துத் தாங்கப் போனேன். அவள் அழவில்லை. பாதை ஓரத்தில் இருந்து சப்பாத்தைப் பார்த்தாள். கழற்றப் போகிறாள் என்று நினைத்தேன். தளர்ந்திருந்த நாடாவை இழுத்து இறுக்கிக் கட்டினாள்.

"நாள் முழுக்க என்னைச் சிரிக்க விட்டனீங்கள்" என்றாள்.

குரல் உயரவில்லை. நோர்வேக்காரி அந்தக் காரிலேயே எங்களை நேரே ஒஸ்லோவுக்குக் கொண்டுபோனாள். இரவு எட்டரை மணிக்குப் புருசெத்துக்கு வந்தபோது கோடை வெளிச்சம் பட்டப்பகல்போல இருந்தது. எங்கள் கதவடியில் எங்களுக்கு முன்னமே பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். சாப்பாட்டுச் சட்டிகள் வந்திருந்தன. எல்லாருக்கும் மதியமே தெரியும். மனைவி அவர்களுக்கு நடுவால் நொண்டிக்கொண்டு உள்ளே போனாள்.

ரிக்கற் போடும் ஆளுக்கு எடுத்தபோதுதான் எனக்கு விளங்கியது. அன்று மாலை புறப்பட்ட விமானத்தில் இடம் இருந்ததாம். "மத்தியானம் எடுத்திருந்தால் அனுப்பியிருப்பன் அண்ணை" என்றான். அடுத்த நாள்தான் போக முடிந்தது. அங்கே வெக்கையில் திங்கட்கிழமைக்கு மேல் வைத்திருக்க முடியாது என்று பிரேதத்தை அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். அவள் செவ்வாய்க்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்தாள். எங்கள் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. வீட்டில் பிரேதம் கிடக்கும்போது வாய்க்கரிசி போடுவதோடு அவர்களுடைய விடைபெறுதல் முடிந்துவிடும். அவளுக்கு அது கிடைக்கவில்லை. ஒரு நாளால் தவறியது. அந்த ஒரு நாளை நான் ஒரு பள்ளத்துக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன்.

திரும்பி வந்து அவள் என்னோடு சண்டை பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சோறு போட்டாள், வேலைக்குப் போனாள். வீட்டில் தொலைபேசியை நான் எடுத்தால் மட்டும், கதைத்து முடிக்கும்வரை வந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். நான் 'ஓம்' என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் அவள் கண் சுருங்கும். சப்பாத்தை அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைப் போட்டுக்கொண்டு தனியே காட்டுக்குள் போவாள். வரட்டோ என்று நான் கேட்டதில்லை, வாருங்கோ என்று அவளும் சொன்னதில்லை. அவள் குனிந்து நாடா கட்டும் சத்தத்தை நான் படுக்கையில் கிடந்தபடி கேட்பேன். ஐந்து வருடத்தில் தோல் இளகி அவள் காலின் வடிவத்துக்கே வந்துவிட்டது.

இரண்டாயிரத்து எட்டில் ஊரில் என் அம்மா வருத்தமாகக் கிடந்தார். பாதை மறுபடி பூட்டியிருந்தது, போக வழியில்லை. ஒரு புதன்கிழமை காலை, வேலையிடத்துச் சமையலறைச் சுவரில் இருந்த தொலைபேசி அடித்தது. நோர்வேக்காரி எடுத்து என்னிடம் நீட்டினாள். மனைவி.

"உங்கடை அம்மா போட்டா" என்றாள். தொண்டையைச் செருமவில்லை, இருக்கச் சொல்லவில்லை, சாப்பிட்டீங்களோ என்று கேட்கவில்லை. "இப்பதான் உங்கடை தங்கச்சி எடுத்தவ. பத்து நிமிசம் ஆகேல்லை. ஒருத்தருக்கும் சொல்லேல்லை, முதல் உங்களுக்குத்தான்."

"ஓம்" என்றேன்.

"நான் வெளிக்கிட்டு வாறன்" என்று வைத்துவிட்டாள்.

அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. சுவரில் மணிக்கூடு இருந்தது. அந்தப் பத்து நிமிடத்தில் நான் என்ன செய்தேன் என்று எண்ணிப் பார்த்தேன். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். நோர்வேக்காரி தன் புருசனைப் பற்றி ஒரு பகிடி சொன்னாள். நான் நன்றாகச் சிரித்தேன், கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் என் கன்னத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தேன், போகவில்லை. எனக்கு அது பத்து நிமிடம். அவளுக்கு ஏழு மணி நேரம்.